இருள் காட்டிய கோடுகள்

லே

லே நகரத்தில் போய் இறங்குகிறவர்களுக்கு அங்குள்ளவர்கள் முதன்முதலில் செய்யும் உபதேசம், இரண்டொரு நாள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள் என்பதுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில், மூச்சுக்கு மூச்சு பிராணவாயு குறைந்து போயிருக்கும் அந்தப் பிரதேசத்தில், சமவெளியிலிருந்து காலையில் விமானம் ஏறி அன்றே வந்து சேர்ந்துவிட்ட தேகம் புதிய காற்றோடு சமாதானம் செய்துகொள்ளும் வரையில், மாடிப்படி ஏறுவதுகூடப் பெரும் பிரயாசையாகவே இருக்கிறது. நாங்கள் தங்கிய வீட்டுத் தோட்டத்தில் ஆப்ரிகாட் மரங்களின் இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. வாற்கோதுமை அறுவடை முடிந்து, வைக்கோல் மொட்டைமாடிகளில் அடுக்கப்பட்டிருந்தது. வரிசையாக நின்ற பாப்ளர் மரங்களுக்கு மேலே, புல் பூண்டு இல்லாத மலைகள், வெயில் சாயச் சாயச் சிவப்பும் சாம்பலும் ஊதாவுமாக நிறம் மாறிக்கொண்டிருந்தன. மனிதன் வாய்க்கால் வெட்டி நீர் கொண்டுவந்த இடத்தில் மட்டுமே அங்கே பச்சை உண்டு. வாய்க்கால் கரையைத் தாண்டி ஓரடி வைத்தால் பாலைவனம். முதல் மழைக்கே முள்ளும் புதரும் தாமாகத் தழைத்துவிடும் வட ஆர்க்காட்டு மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கு, ஒரு மரத்துக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கக்கூடும் என்பது அங்கேதான் புலப்பட்டது.

என்னோடு வந்த நண்பர், வேலூரில் ரேடியோ, டெலிவிஷன், கம்ப்யூட்டர் என்று காலத்துக்குக் காலம் மாறி வந்த சாதனங்களைப் பழுது பார்ப்பதிலேயே தம் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்களைச் சேர்த்து வைத்தது ஆகாயம். சாதாரண இரவுகளில் வேலூர் மொட்டைமாடியிலும், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் ஜவ்வாது மலைமேல் தெரிந்தவர் ஒருவரின் சாமைக் கொல்லையிலும் தொலைநோக்கியை நிறுத்தி, நட்சத்திரக் கூட்டங்களைப் படம் பிடிப்பது எங்கள் நெடுநாள் வழக்கம். அப்படி எடுத்த படங்களில் சில காலமாக, மிக மங்கலாக, குறுக்கே ஓடும் கிடைக்கோடுகள் தென்பட்டன. ஒரு படத்தில் இருக்கும், அடுத்ததில் இடம் மாறியிருக்கும், வானத்தில் வெளிச்சம் சற்று மிகுந்தால் காணாமலே போய்விடும். பிடி கொடுக்காத அந்தக் குறையை, நாட்டிலேயே மிக இருண்ட வானத்தின் கீழ் கொண்டுபோய் நிறுத்தி நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்பது நண்பரின் தீர்மானம். லேயிலிருந்து தென்கிழக்கே, சிந்து நதியை எதிர்த்து மேலேறிப் போனால் திபெத்திய எல்லைக்கு அருகில் இருக்கும் ஹான்லேதான் அதற்குத் தகுந்த இடம் என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை.

சிந்து நதிக்கரை

லேயை விட்டுப் புறப்பட்ட பாதை உப்ஷி என்ற ஊர் வரையில் மணாலி சாலையோடு சேர்ந்தே செல்லுகிறது. அங்கே மணாலி சாலை தெற்கே திரும்பி தக்லங் கணவாயை நோக்கி ஏறிவிட, எங்கள் பாதை சிந்துவை விடாமல் பற்றிக்கொண்டு கிழக்கே போயிற்று. கோடையில் பனியுருகிச் சேறாக ஓடும் நதி, நாங்கள் போன புரட்டாசி மாதத்தில் தெளிந்து, நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில், இரு கரையிலும் செங்குத்தாக நின்ற ஊதா நிறப் பாறைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. பூகோளப் பாடத்தில் பஞ்சாபின் நதியாகவும், சரித்திரப் பாடத்தில் மொகஞ்சதாரோவின் நதியாகவும் ஆயிரம் முறை பெயர் சொல்லிக் கற்பித்த ஒரு நதியை, கல்லெறிந்தால் மறுகரை சேரும் அகலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என் போன்ற ஆசிரியனுக்குச் சாமானியமான சந்தோஷம் அல்ல.

வழியெல்லாம் நண்பர் இரைச்சலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அண்டவெளியின் மங்கலான பொருள்களைப் படம் பிடிக்க, கேமராவின் சென்சாரைப் பூஜ்யத்துக்கும் கீழே 10 டிகிரிக்குக் குளிரவைத்து, ஒவ்வொரு படத்துக்கும் சில நிமிஷங்கள் ஒளியைச் சேகரிக்க வேண்டும். சேகரமாகும் ஒளி மிகச் சொற்பமாதலால், கருவி தானாக உண்டாக்கும் பொய்ச் சமிக்ஞைகளும் அதோடு சேர்ந்து படத்தில் ஏறிவிடுகின்றன. அவற்றில் சில, இருந்த இடத்திலேயே இருப்பவை: வெப்பத்தால் சென்சாருக்குள் கசியும் எலக்ட்ரான்கள், மூலையில் படரும் ஒளிக்கறை, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் சில புள்ளிகள். வெப்பக் கசிவு ஏறக்குறைய ஆறு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பதால்தான் சென்சாரைக் குளிர்விக்கிறார்கள். தொலைநோக்கியை மூடி போட்டு மூடி, அதே வெப்பநிலையில், அதே நேரத்துக்கு வெற்று இருட்டைப் படமெடுத்தால், நிலையான இக்குறைகள் மட்டும் அதில் பதிந்திருக்கும். அதை அசல் படத்திலிருந்து கழித்தால் அவை ஒழிந்துவிடும். இன்னும் சில, ஒழுங்கே இல்லாமல் இங்கும் அங்கும் சிதறுபவை; நூறு படங்களைச் சேர்த்துச் சராசரி கண்டால் அவை பத்தில் ஒரு பங்காக அடங்கிவிடும். எங்கள் கோடுகளோ ஒழுங்கும் உடையவை, இடமும் மாறுபவை. கழித்தாலும் போகவில்லை, சராசரியிலும் முழுவதும் அடங்கவில்லை. இந்த வகையை ஒழிக்க ஒரே வழி, அது பிறக்கும் இடத்தைத் தேடிப் போவதுதான்.

சுமத்தாங் என்ற இடத்தில் நதிக்கரையிலேயே வெந்நீர் ஊற்றுகள் கொப்பளிக்கின்றன. ஒரு பக்கம் கை மரத்துப் போகும் சிந்துவின் நீர், பத்தடி தள்ளிக் கை வைக்க முடியாத கொதிநீர். அங்கிருந்த சிறு கடையில் காய்கறி துக்பாவும், கம்பீர் என்னும் தடித்த ரொட்டியும், உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீரும் கிடைத்தன. அந்தத் தேநீரை டீ என்று நினைத்துக் குடிக்காமல், ஒரு வகை ரசம் என்று நினைத்துக் குடித்தால் மனத்துக்கு உடனே பிடித்துப்போகிறது. அந்தக் குளிருக்கும் வறட்சிக்கும் அதைவிடப் பொருத்தமான பானம் இருக்க முடியாது.

அங்கே உட்கார்ந்துதான் நண்பர் கார்ல் ஜான்ஸ்கியின் சரித்திரத்தைச் சொன்னார். 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பொறியாளரான அவர், கடல் கடந்து செல்லும் ரேடியோ டெலிபோனுக்கு இடையூறு செய்யும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிய, நியூ ஜெர்சி மாகாணத்து ஹோம்டெல் கிராமத்தில் சுழலும் ஆண்டெனா ஒன்றை நிறுவினார். இடிமின்னல்களால் வந்தவற்றைத் தனியே பிரித்த பின்னும், மெல்லிய சீறல் ஒன்று எஞ்சி நின்றது. அது 24 மணிக்கு ஒருமுறை வராமல், 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒருமுறை உச்சமடைந்தது. அதாவது நாளுக்கு நாள் நான்கு நிமிஷம் முந்தி வந்தது. சூரியன் அப்படி முந்துவதில்லை; நட்சத்திரங்கள்தாம் முந்துகின்றன. ஆகவே அந்தச் சீறல் பால்வீதியின் மையத்தின் பக்கமிருந்து வருகிறது என்று 1933-ல் அவர் அறிவித்தார். ரேடியோ வானவியல் என்ற சாஸ்திரமே அதிலிருந்து பிறந்தது.

"இரைச்சல் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நடக்குதுன்னு அவர் கேட்டார், சார்" என்றார் நண்பர். "நம்ம கோடுகளையும் அதைத்தான் கேட்கணும்."

லோமாப் பாலம்

மாஹேயையும் நியோமாவையும் தாண்டியதும் பள்ளத்தாக்கு அகன்று, சிந்து மணல் திட்டுகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து சோம்பலாக ஓடுகிறது. லோமாவில் பாலத்தைக் கடந்து நதியிடம் விடைபெற வேண்டும். காவல் சாவடியில் எங்கள் காகிதங்களைப் பார்த்த இளம் சிப்பாய், ஊர்ப் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து, "எந்தப் பக்கம் சார், வேலூர்ல?" என்றார். அவர் குடியாத்தத்தை அடுத்த கிராமம். எங்கள் ஜில்லாவில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் அபூர்வம் என்பது தெரிந்ததே ஆயினும், அந்த உயரத்தில், அந்தக் காற்றில், நம் பக்கத்து உச்சரிப்பைக் காதால் கேட்பது நெஞ்சை என்னவோ செய்தது. ஊரில் மழை உண்டா, பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்று விசாரித்தார். நண்பர் தம் பையிலிருந்த பருப்புப் பொடிப் பொட்டலத்தை எடுத்து, "வெச்சுக்கோ தம்பி, நெய் விட்டுச் சாப்பிடு" என்று அவர் கையில் கொடுத்தார்.

பெட்டியில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் அவர் சொன்னது: "நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் எங்க இருக்குன்னே தெரியாது சார், மரத்துக்குப் பின்னாடி கெடக்கும். இங்க ராத்திரி காவல் நிக்கறப்ப பாருங்க, நல்லா மேல ஏறி நிக்கும்." அவர் சொன்னது சரியான கணக்கு. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவன் தெரியும்; வேலூரில் 13, ஹான்லேயில் ஏறக்குறைய 33. வடக்கே துருவன் உயர்ந்த அளவுக்குத் தெற்கே அகத்தியன் தாழ்ந்து போகிறான். நம் ஊரில் மாசி மாதத்து இரவில் தென்திசையில் கம்பீரமாக எழும் அந்த நட்சத்திரம், ஹான்லேயில் அடிவானத்துக்கு நாலரைப் பாகைக்கு மேல் ஏறுவதில்லை, அந்த உயரத்தையும் மலைகள் அடைத்துக்கொள்கின்றன.

ஹான்லே

சாயங்காலம் ஹான்லே பள்ளத்தாக்குக்குள் நுழைந்தபோது, கியாங் என்னும் காட்டுக் கழுதைகள் மந்தையாக நின்று எங்களைப் பார்த்தன. ஆற்றோரச் சதுப்பில் கருங்கழுத்துக் கொக்குகள் ஜோடி ஜோடியாக மேய்ந்துகொண்டிருந்தன. குன்றின் மேல் நிற்கும் மடாலயம் 17-ஆம் நூற்றாண்டில் லடாக் மன்னன் செங்கே நம்கியாலின் ஆதரவில் எழுந்தது; போருக்குச் சென்று திரும்பும் வழியில் அம்மன்னன் 1642-ல் உயிர் நீத்ததும் இந்த ஊரில்தான். மடாலயத்தின் அடிவாரத்தில் இருந்த வீடு ஒன்றில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்காரியான மூதாட்டியை எல்லாரும் போல நாங்களும் அமா-லே என்று அழைத்தோம்; அவர் என் நரைத்த தலையைப் பார்த்து மேமே-லே, தாத்தா, என்று அழைத்தார். அவருடைய பேத்தி, ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பின், தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி அளிக்கப்பட்ட கிராமவாசிகள் 24 பேரில் ஒருத்தி. பொழுது சாய்ந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஜன்னல்களின் தடித்த திரைகளை இழுத்து மூடியது. அந்த ஊரில் இரவில் ஒளி வெளியே கசிவதை, நம் ஊரில் குழாயைத் திறந்துவிட்டுப் போவதைப் பார்ப்பது போலவே பார்க்கிறார்கள்.

அந்த வானத்தை வர்ணிப்பது என் சக்திக்கு மீறியது; அளவை மட்டும் சொல்லுகிறேன். வானத்தின் இருட்டை அளக்கும் கணக்கில் எங்கள் மொட்டைமாடி 18 என்றால், ஹான்லே 22-ஐ நெருங்குகிறது. அந்த நான்கு படிகளின் வித்தியாசத்துக்கு, வேலூர் வானம் ஹான்லே வானத்தைவிட ஏறக்குறைய 40 மடங்கு ஒளியுடையது என்று அர்த்தம். பால்வீதி தலைக்கு மேலே மலைக்கு மலை பாலமாக நிற்க, கிழக்கே முக்கோண மண்டலத்தின் விண்மீன் தீவான எம் 33 ஏறி வந்தது. ஏறக்குறைய 27 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அதை, வெறுங்கண்ணால், சற்று ஒதுக்குப் பார்வையாகப் பார்த்தபோது, மங்கலான திட்டாக உணர முடிந்தது. நாங்கள் படம் பிடிக்க எண்ணி வந்ததும் அதைத்தான். அதன் வெளிக்கரங்கள் அத்தனை மெல்லியவையாதலால், கருவியின் சிறு குறையும் அவற்றைக் கெடுத்துவிடும்.

முதல் படம் கம்ப்யூட்டரில் வந்து விழுந்ததும், வேலூரில் சந்தேகமாக இருந்தது அங்கே சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்தது. சீரான இடைவெளியில், படத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை, கிடைக்கோடுகள் அடுக்கடுக்காக ஓடின. காரணத்தை யோசித்தால் ஆச்சரியப்பட ஏதுமில்லை. வானத்தின் ஒளியே ஒரு வகை ஒழுங்கற்ற சிதறலைப் படத்தில் உண்டாக்குகிறது. ஒளி 40 மடங்கானால் அந்தச் சிதறல் ஆறு மடங்குக்குச் சற்று மேலாகிறது. வேலூரின் வெளிச்சம் அத்தனை காலமும் எங்கள் கேமராவின் குறைக்குத் திரை போட்டு வைத்திருந்தது. ஹான்லேயின் இருட்டு அந்தத் திரையை விலக்கிவிட்டது. சுத்தமான வானத்தின் கீழேதான் கருவியின் அழுக்குத் தெரிகிறது என்பதை எத்தனையோ முறை வகுப்பில் வேறு விஷயங்களுக்காகச் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு அதைக் கண்ணால் பார்த்தேன்.

நண்பரின் விசாரணை முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். மாற்றிய பின் தொலைநோக்கியை மூடி, மிகக் குறுகிய நேரத்துக்கு வெற்றுப் படங்கள் இரண்டு எடுத்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து கழிப்பார். நிலையானவை கழிந்து போக, அலைபவை மட்டும் எஞ்சும். முதல் சந்தேகம், சூரிய ஒளியில் ஏற்றிய வீட்டு பேட்டரியோடு சேர்ந்த இன்வெர்ட்டர் மேல். அதை விலக்கி, நாங்கள் கொண்டுபோன 12 வோல்ட் பேட்டரியை மாட்டினோம். குளிரில் அது சோர்ந்து போகாதிருக்க அமா-லே யாக் ரோமப் போர்வை ஒன்றைக் கொடுத்துச் சுற்றிவைக்கச் சொன்னார். கோடுகள் போகவில்லை. யூ.எஸ்.பி. கேபிளை மாற்றி, நீளம் குறைந்ததைப் போட்டோம், போகவில்லை. தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரை நிறுத்தினோம், போகவில்லை. அந்த வறண்ட காற்றில் கம்பளி உடையோடு எதைத் தொட்டாலும் விரல் நுனியில் பொறி தெறித்ததால், உடம்பில் தேங்கும் மின்சாரத்தின் மேலும் ஒரு சந்தேகம் வந்தது. முக்காலியின் இரும்பைத் தொட்ட பிறகே கேமராவைத் தொடுவது என்ற விரதம் பூண்டோம். அதனாலும் பயனில்லை. நீண்ட நேரத்துக்கு எடுத்த வெற்றுப் படங்களில் புதிதாக ஒன்று மட்டும் கண்ணில் பட்டது: சிறு கீறல்களும் ஒளிப் பொட்டுகளும், படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில். விண்வெளியிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்கள், கடல் மட்டத்தைவிட அந்த உயரத்தில் மிகுதி. அவை சென்சாரைத் துளைத்துச் சென்ற அடையாளம் அது.

மறுநாள் காலை, சாம்பா மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து உண்டபின், நண்பர் கோடுகளின் இடைவெளியை எண்ண உட்கார்ந்தார். எங்கள் கேமராவின் சென்சார் ஒரு வரியிலுள்ள எல்லாப் புள்ளிகளையும் ஒரே சமயத்தில் படிக்கிறது. பிறகு அடுத்த வரி, பிறகு அதற்கடுத்தது. ஆகவே படத்தில் மேலிருந்து கீழ் இறங்குவது, காலத்தில் முன்னேறுவதே. ஒரு வரிக்கு ஏறக்குறைய 70 மைக்ரோ விநாடி. கோட்டுக்குக் கோடு இடைவெளி ஏறக்குறைய 30 வரி. பெருக்கினால் 2,100 மைக்ரோ விநாடி. அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 480 முறை ஏதோ ஒன்று துடிக்கிறது. வீட்டு மின்சாரத்தின் குற்றமாயிருந்தால் துடிப்பு 50 அல்லது 100 ஆக இருந்திருக்கும், கோடுகள் 140 வரிக்கு மேல் தள்ளித் தள்ளி விழுந்திருக்கும். "இன்வெர்ட்டரை வீணாச் சந்தேகப்பட்டோம் சார். நம்ம கிட்ட இருக்கிறதுலேயே எது 480 தரம் அடிக்குது?" என்று அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொண்டிருந்தபோது, அமா-லேயின் பேத்தி தொலைநோக்கியின் முகப்பைச் சுற்றிக் கட்டியிருந்த கறுப்புப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, இது எதற்கு என்று ஹிந்தியில் கேட்டாள்.

அது டியூ ஹீட்டர். நம் பக்கத்து மலைகளில் நள்ளிரவுக்கு மேல் கண்ணாடியில் பனித்துளி படிந்து படத்தை மறைத்துவிடும். இளஞ்சூடாக வைத்திருந்தால் படியாது. இதைச் சொன்னதும் அவள், "இங்கே இந்த மாதத்தில் பனித்துளி எங்கிருந்து வரும், மேமே-லே? காற்றில் ஈரமே கிடையாதே" என்றாள். நண்பர் தலையை நிமிர்த்தி அந்தப் பட்டையின் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார். சூட்டைக் கூட்டிக் குறைக்க அந்தப் பெட்டி மின்சாரத்தை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை விட்டு விட்டு அனுப்புகிறது. பகலென்றும் பாராமல் தொலைநோக்கியை மூடி, அங்கேயே சோதித்தோம். ஹீட்டரின் ஒயரைப் பிடுங்கியதும் கோடுகள் மறைந்தன, செருகியதும் வந்தன, மறுபடி பிடுங்கியதும் மறைந்தன.

ஹீட்டர் கேமராவைத் தொட்டுக்கொண்டுகூட இல்லையே, குறை அதற்குள் எப்படிப் போயிற்று என்று நான் கேட்டேன். நண்பர் விளக்கினார். கேமரா, மோட்டார், ஹீட்டர் மூன்றும் ஒரே பேட்டரியிலிருந்து, பெரும்பகுதி தூரம் ஒரே எதிர்முனை ஒயரில் மின்சாரம் எடுக்கின்றன. தெருவுக்கு ஒரே குழாயிருந்தால், மேல்வீட்டில் திறக்கும்போதெல்லாம் கீழ்வீட்டில் தண்ணீர் மெலிவது போல, ஹீட்டர் 2 ஆம்பியர் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒயரின் மின்னழுத்தம் சற்று அசைகிறது. ஒயரின் தடை ஓமில் இருபதில் ஒரு பங்கே என்று வைத்துக்கொண்டாலும் அசைவு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. சென்சாரில் ஒரு எலக்ட்ரான் எழுப்பும் மின்னழுத்தமோ வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கேமராவுக்குள் இருக்கும் காவல் சுற்றுகள் அசைவின் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டாலும், கசிந்து உள்ளே போகும் துளியே எலக்ட்ரான்களை எண்ணும் கருவிக்கு அதிகம்.

அன்றிரவு ஹீட்டர் இல்லாமல், விடியும் வரை படமெடுத்தோம். எம் 33-இன் வெளிக்கரங்கள் ஒவ்வொரு படம் சேரச் சேர வெளிப்பட்டு வந்தன. அவற்றில் ஒன்றில் சிவந்த ஒளிமேகமாக என்.ஜி.சி. 604 என்ற நட்சத்திரப் பிறப்பிடம் தனியே தெரிந்தது. பின்னணியில் ஒரு கோடும் இல்லை. அமா-லே இருமுறை எழுந்து வந்து வெந்நீர் கொடுத்துவிட்டுப் போனார்.

சரஸ்வதி சிகரம்

கிராமத்திலிருந்து பார்த்தாலே தெரியும் குன்றின் மேல், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை வைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் முதன்முதலாக நட்சத்திர ஒளியைக் கண்ட அதை, பெங்களூரை அடுத்த ஹொஸகோட்டேயில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். அடிவாரத்து வெளியில், காமா கதிர்களைத் தேடும் 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கி, பல நூறு சிறு கண்ணாடிகளோடு வானத்தைப் பார்த்து நிற்கிறது. எங்கள் வெற்றுப் படங்களில் கீறல் போட்டுச் சென்ற காஸ்மிக் கதிர்களுக்கும் அது தேடும் கதிர்களுக்கும் உறவு உண்டு. இரண்டும் காற்றின் உச்சியில் மோதித் துகள் மழையாகப் பொழிகின்றன.

இந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வம்சாவளி, சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானாய்வகத்திலிருந்து தொடங்கி, 1899-ல் கொடைக்கானலுக்கு ஏறி, பிறகு ஜவ்வாது மலையில் காவலூருக்கு வந்து, இமயத்துக்கு அப்பால் இந்தச் சிகரத்தில் வந்து நிற்கிறது. நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடமாற்றத்திலும் மேகமும் ஊர் வெளிச்சமும் பின்னாலிருந்து தள்ளியிருக்கின்றன.

அங்கே பணிபுரியும் ஒருவரோடு நண்பர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் நிலத்தோடு மின்சாரத்தை இணைக்கும் எர்த் பற்றியே. வறண்டு, குளிர்காலத்தில் உறைந்தும் போகும் அந்த மண்ணில் மின்சாரம் சுலபமாகச் செல்லாது. ஈரமான நம் மண்ணில் ஒரு கம்பியை அடித்துவிட்டு மறந்துவிடலாம், அங்கே அதற்கு எவ்வளவோ பிரயத்தனம் தேவை. பெரிய தொலைநோக்கியின் சென்சாரைத் திரவ நைட்ரஜனால் குளிர்விக்கிறவர்களுக்கும், எங்களைப் போல் சிறு கேமரா வைத்திருப்பவர்களுக்கும் பகைவர்கள் பொதுவானவர்கள் என்பதைக் கேட்க எனக்கு ஒரு வகையில் பெருமையாக இருந்தது.

கார்சோக்

திரும்பும் வழியில் மாஹேயில் பிரிந்து, கந்தக நாற்றத்தோடு பூமி புகையும் பூகா பள்ளத்தாக்கின் வழியாக, த்ஸோ மோரிரி ஏரிக்கரையில் உள்ள கார்சோக் கிராமத்துக்குப் போனோம். பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் சாங்பா மக்கள் கூடாரத்துக்கு அழைத்து, கல் போல் உலர்ந்த சுர்பே என்னும் பாலாடைக் கட்டியைக் கொடுத்தார்கள். வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் கரையும். ஏரியில் வரித்தலை வாத்துகள் மிதந்துகொண்டிருந்தன. இதே இனத்துப் பறவைகள்தாம் குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி, திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் வரை வந்து தங்கிப் போகின்றன.

ஜவ்வாது மலை

ஹான்லேயில் ஹீட்டரைக் கழற்றி வைத்தது பரிகாரம் ஆயிற்று. நம் ஊரில் அது ஆகாது. மார்கழியில் ஜவ்வாது மலைமேல் மறுபடி தொலைநோக்கியை நிறுத்தியபோது, ஒன்பது மணிக்கெல்லாம் சாமை அரிந்த தாளில் பனி சொட்டியது. எங்கள் தலைத்துண்டு, பெட்டி, முக்காலி யாவும் நனைந்தன. இங்கே ஹீட்டர் எரிந்தே ஆக வேண்டும், கோடும் வரக்கூடாது. நண்பர் முதலில் ஹீட்டருக்கு என்று தடித்த ஒயர் ஒரு ஜோடியைப் பேட்டரியின் முனைகளிலிருந்தே நேராகப் பிரித்துக் கொண்டுவந்தார். கோடுகள் பெரும்பாலும் ஒழிந்தன, கூர்ந்து பார்த்தால் சாயல் மட்டும் இருந்தது. யூ.எஸ்.பி. கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் வளையம் மாட்டினார். சாயல் இன்னும் மெலிந்தது. கடைசியில் ஹீட்டருக்குத் தனிப் பேட்டரியே வைத்து, அதன் எதிர்முனை தொலைநோக்கியின் உலோகக் குழாயைத் தொடாதபடி ரப்பர் வைத்து விலக்கினார். வெற்றுப் படங்கள் சுத்தமாயின.

கொல்லைக்கு உரியவர் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்தார். உண்டுவிட்டு எம் 33-ஐயே மறுபடி எடுத்தோம். அங்கே தலையுச்சிக்கு வந்த அது, இங்கே சற்று வடக்கே சாய்ந்து நின்றது. வாணியம்பாடி, ஆம்பூர் வெளிச்சம் வடக்கு அடிவானத்தில் மஞ்சளாகப் படர்ந்திருந்தது. அந்த மலையிலேயே, 1977-ல் யுரேனஸின் வளையங்கள் அடையாளம் காணப்பட்டபோது அதைப் பதிவுசெய்த காவலூர் ஆய்வகத்தின் மேலும் இன்று அதே மஞ்சள்தான் படர்கிறது. வானம் எத்தனை மடங்கு ஒளியுடையதோ, அதே தெளிவுக்கு அத்தனை மடங்கு நேரம் படமெடுக்க வேண்டும். ஹான்லேயில் ஓர் இரவில் வந்த வெளிக்கரத்தை இங்கே பல இரவுகள் கூட்டித்தான் பெற வேண்டும். ஆயினும் கூட்டினால் வரும். கோடு இருந்தபோது எத்தனை கூட்டினாலும் வந்திராது.

ஹான்லேயில் நடுக்குளிர் காலத்தில் கண்ணாடியில் உறைபனி படிவதுண்டு என்றும், அதற்கு ஹீட்டர் வாங்க வேண்டும் என்றும் அமா-லேயின் பேத்தி சொல்லியிருந்தாள். நண்பர் தனி பேட்டரி, தனி ஒயர், வளையம் எல்லாவற்றையும் படம் வரைந்து, ஹிந்தியில் குறிப்பு எழுதி அவளுக்கு அனுப்பினார். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில் அந்த இரண்டாவது பேட்டரியை எப்படிக் காப்பது என்று கேட்டு அவள் எழுதியிருக்கிறாள். ஹீட்டர் ஒயரிலேயே ஒரு சிறு சுற்றைப் பேட்டரிப் பெட்டிக்குள் ஓட்டிவிடலாமா என்று நண்பர் இப்போது மேஜைமேல் சோதித்துக்கொண்டிருக்கிறார்.